உப்பில்லாத பத்தியம்

இரும்பை
18-4-2005

மரக்காணம் சம்பந்தி பலராமன் வாத்தியார் அவர்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் அரசப்பன் எழுதிக்கொண்டது.

இங்க சூர்யகலாவும் பாப்பாவும் நல்லா இருக்காங்க. பாப்பா அழுதா கோயில் வரைக்கும் கேக்குது. மூக்கு உங்க வீட்டு மூக்குன்னு என் வீட்டுக்காரி குப்பம்மா சொல்றா. எனக்கு அது இன்னும் பிடிபடல.

நீங்க ரெண்டு பேரும் வந்து பார்த்தீங்க, குழந்தை நாக்குல சர்க்கரை வெச்சீங்க. சந்தோஷம். மாப்பிள்ளை மட்டும் வரல. கேட்டா உப்பளத்துல கரை கட்டறார்னு சொன்னீங்க. சுனாமில உங்க பாத்தியெல்லாம் சேறா போனது எனக்குத் தெரியாததா? ஆனா மரக்காணத்துலேர்ந்து இங்க வர பஸ்ஸுல ஒரு மணி நேரம். பெத்த பொண்ணைப் பாக்க ஒரு மணி நேரம் இல்லாத வேலை என்ன வேலை சம்பந்தி? அப்பன் வந்து காதுல சொன்னாத்தான் பேர் வெக்க முடியும். தெருவுல கேக்கறாங்க. சூர்யகலா மட்டும் கேக்கல. அதான் எனக்கு பயமா இருக்குது.

எங்க சின்னவ சின்னப்பாப்பாவைப் பெரிய முதலியார்சாவடிலேர்ந்து பொண்ணு கேட்டு வந்திருக்காங்க. பெரிய மாப்பிள்ளை எங்கன்னு அவங்க கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?

எதுவா இருந்தாலும் மறைக்காம எழுதுங்க. கடை போன்ல பேசினா ஊரே நின்னு கேக்குது.

இப்படிக்கு,
அரசப்பன்


மரக்காணம்
23-4-2005

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை அம்சவள்ளிக்கும் படித்துக் காட்டினேன். நீங்கள் கோபப்பட்டதில் தவறு இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை நாலு நாள் வராவிட்டால் ஆள் அனுப்பிக் கேட்பேன். கேட்காமல் இருந்தால்தான் அக்கறை இல்லை என்று பொருள். நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

வேல்முருகனுக்கு மஞ்சள் காமாலை. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு அந்த உடம்போடு வரக் கூடாது என்றுதான் அனுப்பவில்லை. பிள்ளை பெற்றவள் கவலைப்பட்டால் பால் குறையும் என்று அம்சவள்ளி பயந்ததால் சொல்லாமல் இருந்தோம். புதுச்சேரியில் காட்டி, மாத்திரை சாப்பிடுகிறான். இளைத்திருக்கிறான். முன்போலப் பேசுவதில்லை. டாக்டர் நல்லபடியாகத்தான் சொல்கிறார்.

கழுவெளி ஏரிப் பக்கத்துக் கரையை மரியதாஸ் கட்டி முடித்துவிட்டான். எங்கள் உப்பளத்தில் பல வருடமாக வேலை செய்கிறவன், உங்களுக்குத் தெரியும். இந்த வெயில் நின்றால் வைகாசியில் கொஞ்சம் உப்பு எடுக்கலாம் என்கிறான்.

குழந்தைக்கு என் முத்தங்கள். பேர் வைப்பதைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கள்,
பலராமன்


இரும்பை
3-5-2005

சம்பந்திக்கு அரசப்பன் எழுதறது.

காமாலைன்னு முன்னாடியே சொல்லியிருந்தா இந்த அரசப்பன் சும்மா இருப்பேனா? உங்க கடுதாசி பார்த்ததும் மனசு லேசாயிடுச்சு. நான் என்னென்னமோ நினைச்சுட்டேன். இங்க ஒருத்தர் காமாலைக்கு மருந்து குடுக்கறார். எங்க அண்ணன் பிழைச்சதே அவரால. கீழாநெல்லியை அரைச்சு உருண்டை பண்ணி வாங்கிட்டு, ஞாயித்துக்கிழமை நானே மரக்காணம் வந்தேன். நீங்க துக்கத்துக்குத் திண்டிவனம் போயிட்டதா சம்பந்தியம்மா சொன்னாங்க.

மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னாரு. ஆளு பாதியா போயிட்டாரு சம்பந்தி. முதல் உருண்டையை நானே மோர்ல கலக்கிக் குடுத்தேன். ஒரே மூச்சுல குடிச்சாரு. மருந்து முடியற வரைக்கும் உப்பு, புளி, எண்ணெய் எதுவும் சேரக் கூடாது. அதுலயும் உப்பு ஒரு கல்லு கூடக் கூடாது. "உப்பளக்காரர் வீட்டுல உப்பு போடாதேன்னு சொல்ல வந்திருக்கீங்களே அண்ணா"ன்னு சம்பந்தியம்மா சிரிச்சாங்க. மாப்பிள்ளையும் சிரிச்சாரு. பார்க்க நல்லா இருந்துச்சு.

சூர்யகலா கிட்ட சொன்னேன். குழந்தையை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

பத்தியம் தவறாம பாத்துக்குங்க. குணமானதும் வந்து பேர் வெக்கட்டும்.

அரசப்பன்


புதுச்சேரி, ஆஸ்பத்திரியிலிருந்து
17-5-2005

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

தனியாக இருக்கும்போது இதைப் படியுங்கள்.

வேலு இங்கே படுத்திருக்கிறான். ஆபத்து நீங்கிவிட்டது என்று நேற்று சொன்னார்கள். அதற்கு முந்திய நாட்களில் கை நடுங்கி, வாந்தி எடுத்து, நாக்கு குழறி, நடக்க முடியாமல் விழுந்தான். மரியதாஸும் நானும் காரில் தூக்கி வந்தோம்.

காமாலை என்று நான் எழுதியது பொய். அவனுக்கு வந்திருப்பது மனநோய்.

சுனாமி வந்த அன்று அவன் மீனவர் குப்பத்துக்கு ஓடினான். பிணம் தூக்கினான், சோறு ஆக்கினான். ஊர் மெச்சியது, நாங்களும் மெச்சினோம். பிறகு தூக்கம் போயிற்று. தூங்காத மனிதன் சோர்ந்து விழ வேண்டும். இவன் விழவில்லை, நாளுக்கு நாள் வேகமானான். குப்பத்தில் எல்லாருக்கும் படகு வாங்கித் தருவதாகச் சொன்னான். பாவம், சிலர் நம்பினார்கள். தையில் வளைகாப்பு முடிந்து சூர்யகலா உங்கள் வீட்டுக்கு வந்த பிறகு இன்னும் முற்றியது. மாசியில் ஒருநாள் பெரிய ரோட்டின் நடுவில் நின்றுகொண்டு, கடல் மறுபடி வருகிறது, திருப்புங்கள் என்று பஸ்களை மறித்தான். ஒரு கண்டக்டர் கன்னத்தில் அறைந்தார். மரியதாஸ்தான் அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தான். அதன் பிறகே டாக்டரிடம் காட்டினோம். கல்யாணத்துக்கு முன்பு இப்படி எதுவும் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கும் இடத்தில் நான் இப்போது இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

அவனுக்குக் கொடுக்கும் மாத்திரையின் பெயர் லித்தியம். அதுவும் ஒருவகை உப்புத்தான் என்று டாக்டரம்மா சொல்கிறார். ஒரு பெஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் சோற்று உப்பும் மாத்திரையும் அளவாக உட்கார்ந்திருக்கின்றன. சோற்று உப்பு வராமல் நின்றுவிட்டால் அந்த இடத்தில் மாத்திரை நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும், எழுந்து போகாது. அளவு ஏறி விஷமாகிவிடும். "உப்பைக் குறைக்காதீர்கள்" என்று டாக்டரம்மா முதலிலேயே சொன்னார். உப்பளக்காரனிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று நான் சிரித்தேன். திண்டிவனத்திலிருந்து வந்து உங்கள் மருந்தைப் பார்த்தபோது, பச்சிலைதானே என்று விட்டுவிட்டேன். சம்பந்தி சொன்னதை மீறினால் சந்தேகம் வருமே என்று அம்சவள்ளி உப்பில்லாமலே சமைத்தாள். வேலு அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு வெயிலில் பாத்தியில் நின்றான்.

நீங்கள் கொடுத்தது நாங்கள் சொன்ன நோய்க்கு மருந்து. உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

நேற்று அவன் பேசினான். "காமாலைன்னதும் தெருவே வந்து பார்த்துச்சுப்பா. இளநீர் கொண்டாந்தாங்க. மாமா பஸ் ஏறி வந்தாரு. மாசி மாசம் ஒருத்தரும் வரல" என்றான். அந்த உப்பில்லாத சோற்றை ஏன் முகம் சுளிக்காமல் தின்றான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சூர்யகலாவிடம் எப்படிச் சொல்வது என்பதை உங்களுக்கே விடுகிறேன்.

தங்கள்,
பலராமன்


இரும்பை
5-6-2005

பலராமன் வாத்தியாருக்கு.

உங்க கடுதாசியைக் கொல்லையில வெச்சுப் படிச்சேன். ரெண்டு நாள் சோறு இறங்கல.

நோய் யாருக்கும் வரும். எங்க சித்தப்பா ஒருத்தர் வாய் பேசாமலே உட்கார்ந்து செத்தாரு. அவரை நாங்க தெருவுல விடல. நோயைச் சொல்லியிருந்தா நான் உறவை வெட்டிக்கிட்டா போயிருப்பேன்? போயிருப்பேன்னு நினைச்சுத்தானே பொய் எழுதுனீங்க. என்னைப் பத்தி நீங்க வெச்சிருந்த மதிப்பு அவ்வளவுதான். உங்க பொய்யை நம்பி என் கையால என் மாப்பிள்ளைக்கு விஷம் கலக்கிக் குடுத்துட்டு, அவர் சிரிச்சதைப் பார்த்து சந்தோஷமா பஸ் ஏறி வந்திருக்கேன். குற்றம் இல்லன்னு நீங்க எழுதிட்டா ஆயிடுச்சா? நீங்க படிச்சவங்க, நாலு பேருக்கு சொல்லிக் குடுத்தவங்க.

பேரு நாங்களே வெச்சுட்டோம். ரேணுகா. குப்பம்மா மடியில வெச்சு நானே காதுல சொன்னேன்.

சூர்யகலா இங்கதான் இருப்பா. நீங்க வர வேண்டாம்.

அரசப்பன்


மரக்காணம்
19-6-2005

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

ரேணுகா என்ற பேர் நன்றாக இருக்கிறது. வேலு இரண்டு முறை சொல்லிப் பார்த்தான்.

உங்களைப் பற்றி நான் போட்ட கணக்கு தப்பு. வேறு சமாதானம் சொல்ல எனக்கு வழியில்லை.

நடப்பதை நடப்பதாக மட்டும் எழுதுகிறேன். வேலு வீட்டுக்கு வந்துவிட்டான். டாக்டரம்மா அளவைக் குறைத்து அதே மாத்திரையைத் திரும்பக் கொடுத்திருக்கிறார். அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். காலையில் பாத்திக்குப் போகிறான், வெயில் ஏறுமுன் மரியதாஸ் விரட்டி அனுப்பிவிடுகிறான். இனிமேல் வரவே வராதா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல மாட்டேன் என்றார் டாக்டரம்மா. கண்ணாடி போட்டவன் கண்ணாடி போட்டுக்கொண்டே படிக்கிறான். அதுபோல மாத்திரையோடு இருக்கப் பழக வேண்டும் என்று நானாகப் புரிந்துகொண்டேன்.

இங்கே எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டோம். சிலர் வாசலோடு நின்றுகொள்கிறார்கள். ரேஷன் கடை வரிசையில் அம்சவள்ளியின் காதில் விழும்படி பேசுகிறார்கள். போன வாரம் டீக்கடையில் ஒருவர், "ஏம்பா வேலு, இன்னைக்கு எந்த பஸ்ஸை நிறுத்தப் போறே?" என்றார். நான் எழுந்துவிட்டேன். வேலு டீயை ஆற்றிக்கொண்டே, "திண்டிவனம் பஸ்ஸை நிறுத்தலாம்னு பார்க்கறேன். நீங்க கை காட்டினா அவன் நிக்க மாட்டேங்கறானே" என்றான். கேட்டவரே சிரித்துவிட்டார். மாசிக்குப் பிறகு அவன் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது.

வியாழக்கிழமைகளில் டாக்டரம்மா வீட்டாரையும் கூப்பிட்டுப் பேசுகிறார். ஜூலை முதல் வியாழன் நாங்கள் போகிறோம். சூர்யகலாவுக்குக் கேட்க வேண்டியது இருந்தால் அவளே கேட்கட்டும். எங்கள் வாயால் எதையும் கேட்க வேண்டாம். நீங்கள் வந்தால் நான் வெளியே உட்கார்ந்துகொள்கிறேன். வராவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

தங்கள்,
பலராமன்


இரும்பை
25-7-2005

பலராமன் வாத்தியாருக்கு.

அந்த வியாழக்கிழமை நாங்க வந்ததைப் பார்த்தீங்க. சொன்ன மாதிரியே எழுந்து வெளில போயிட்டீங்க. உள்ள நடந்தது உங்களுக்குத் தெரியணும்.

சூர்யகலா ரெண்டே கேள்விதான் கேட்டா. இவர் குழந்தையைத் தூக்கலாமான்னு கேட்டா. ஏன் தூக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா திருப்பிக் கேட்டாங்க. என் பொண்ணுக்கும் இது வருமான்னு கேட்டா. வரலாம், வராமலும் போகலாம், வந்தா மருந்து இருக்குதுன்னு சொன்னாங்க. அவ சரின்னு தலையாட்டிட்டு குழந்தையை அவர் கையில குடுத்துட்டா.

பஸ்ஸுல வரும்போது, "எனக்கு தை மாசமே தெரியும்பா. ராத்திரி பூரா பேசிக்கிட்டே இருப்பாரு. உன்கிட்ட சொன்னா என்னைத் திரும்ப அங்க அனுப்ப மாட்டியேன்னுதான் சொல்லல"ன்னா. நீங்களும் சொல்லல, என் பொண்ணும் சொல்லல. எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் பயந்திருக்கீங்க. நான் அப்படிப்பட்ட ஆளுன்னு எனக்கே தெரியாது.

முதலியார்சாவடிக்காரங்க அப்புறம் வரல. யார் போய் சொன்னாங்கன்னு தெரியல. சின்னப்பாப்பா, "விடுப்பா, அந்தப் பையன் பல்லு எனக்குப் பிடிக்கல"ங்கறா. என்னைத் தேத்தத்தான் சொல்றா.

சூர்யகலா வர்ற புதன்கிழமை குழந்தையோட அங்க வர்றா. ஆடி முடியட்டும், நல்ல நாள் பார்த்து சீரோட அனுப்பறோம்னு குப்பம்மா அழுது பார்த்தா. கேக்கல. நான் பஸ் ஏத்தி விடறேன். மரியதாஸை ரோட்டுக்கு அனுப்புங்க.

நான் வரல. ஆஸ்பத்திரில மாப்பிள்ளை "வாங்க மாமா"ன்னு எழுந்து நின்னாரு. நான் முதல் உருண்டையைக் குடுத்த அன்னைக்கும் இப்படித்தான் எழுந்தாரு. என்னால அவர் முகத்தைப் பார்க்க முடியல. கொஞ்ச நாள் என்னை விட்டுடுங்க. சமாதானம் சொல்லி எழுதாதீங்க. எழுதறதா இருந்தா பேத்தியைப் பத்தி மட்டும் எழுதுங்க. வேற எதுவும் வேண்டாம்.

அரசப்பன்


மரக்காணம்
8-2-2006

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

பேத்தியைப் பற்றி.

மேலே இரண்டு பல், கீழே இரண்டு பல். சூர்யகலாவின் தோளைக் கடிக்கிறாள், அடி வாங்குவதில்லை. சுவரைப் பிடித்து நிற்கிறாள். கையை விட்டால் உட்கார்ந்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்க்கிறாள். பார்த்தால்தான் அழுகிறாள். மரியதாஸை "தாசு" என்று கூப்பிடுவதாக அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். எனக்கு அது வெறும் "தா" என்றுதான் கேட்கிறது.

மார்கழியில் அவள் அப்பா சில நாட்கள் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் தவழ்ந்து போய் மீசையைப் பிடித்து இழுத்தாள். அவன் கண் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். மறுநாளும் போய் இழுத்தாள். டாக்டரம்மா மாத்திரையைக் கொஞ்சம் மாற்றினார். பொங்கலுக்கு அவன் எழுந்து அவளைத் தோளில் வைத்து மாடு பார்க்கக் கொண்டுபோனான். இதில் மீசையும் தோளும்தான் அவளைப் பற்றியவை. மற்றதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்குப் பதினோராம் மாதம் நடக்கிறது. மாசி பதினேழு, புதன்கிழமை காலையில் மொட்டை போட்டுக் காது குத்துகிறோம். சூர்யகலாவுக்கு உடன்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. தாய்மாமன் மடிக்கு யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு வந்தது. பங்காளி முறையில் ஒருவரை நான் சொன்னேன். "இரும்பை மாமா மடியிலதான் உட்கார வெக்கணும். அவர் வரலன்னா அடுத்த வருஷம் குத்திக்கலாம்" என்று வேலு சொல்லிவிட்டான். சூர்யகலாவும் காது குத்துகிற தட்டானிடம் இன்னும் நாள் சொல்லி அனுப்பாமல் வைத்திருக்கிறாள்.

குழந்தை நன்றாகத் திமிறுவாள். இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். இதுவும் பேத்தியைப் பற்றியதுதான் என்பதால் எழுதினேன்.

தங்கள்,
பலராமன்