வேர் பார்க்க வந்தவர்கள்

நேற்று மளிகை வாங்கி வந்ததும் அம்மா காரின் டிரங்க்கைத் திறக்கச் சொன்னாள். அப்பா, நீங்கள் கடைசிவரை அதை டிக்கி என்றுதான் சொன்னீர்கள். நானும் கடைசிவரை திருத்திக்கொண்டிருந்தேன். அரிசி மூட்டையை நகர்த்தியதும் அடியில் இருந்த கார்ப்பெட்டிலிருந்து ஒரு வாசம் எழுந்தது. ஈரமான பீட் மண்ணின் வாசம். இரண்டு குளிர்காலத்துக்கு முன் நீங்கள் வாங்கி வந்த செடிமண் பை கிழிந்து அங்கே கொட்டியது. அதை இன்றுவரை யாரும் சுத்தம் செய்யவில்லை.

"பாலை மொதல்ல எடு கண்ணு" என்றாள் அம்மா.

நான் தலையை உள்ளே விட்டபடி நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன, உள்ள போய் உக்காரப் போறியா?"

வேறொரு நாளாக இருந்தால் உட்கார்ந்திருப்பேன், டிரங்க்கை மூடிக்கொண்டும் இருப்பேன். நேற்று பாலை எடுத்துக்கொண்டு பேசாமல் மாடி ஏறினேன். அம்மா பயந்துபோய் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன், அப்பா.

நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் அக்டோபர் வந்தால் நம் வீட்டில் ஒரு வேலை உங்களுக்கென்று இருந்தது. முதல் உறைபனி வரப்போகிறதென்று ரேடியோவில் சொன்னதும் பால்கனியில் இருக்கும் அம்மாவின் குண்டுமல்லித் தொட்டியைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். வருடா வருடம் செய்தீர்கள். கடைசி வருடம் ரேடியோவில் சொன்ன அதே சாயங்காலம்தான் வேலையிலிருந்து வந்து, மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டீர்கள். ஆம்புலன்ஸ் வந்தது. தொட்டி பால்கனியிலேயே நின்றது. உங்களை வீட்டுக்குக் கூட்டிவந்தபோது செடி, கொதிநீரில் போட்டெடுத்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். உப்பு கூடாது. தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். உடம்பில் நீர் சேர்கிறதா என்று தெரிய தினமும் காலையில் எடை மெஷினில் ஏறி நிற்க வேண்டும். மருந்துக் கம்பெனி லேபுக்கு இனி போக வேண்டாம். இத்தனையும் கேட்டுக்கொண்டு நீங்கள் தலையாட்டினீர்கள். செடியைப் பார்த்தபோதுதான் உங்கள் முகம் மாறியது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "திட்டினாலும் பரவால்லடா, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறா" என்று என்னிடம் சொன்னீர்கள்.

வெஸ்ட் வின்ட்சரில் இருக்கும் மேகலா ஆண்ட்டியிடம் ஒரு குண்டுமல்லி இருந்தது. எப்போதோ அம்மா கொடுத்த குச்சியிலிருந்து வந்தது. நீங்கள் போனில் "ஒரு கட்டிங் கிடைக்குமா" என்று கேட்டபோது, "ஹார்ட் பேஷண்ட் காலங்காத்தால கட்டிங் கேக்கறார்" என்று சமையலறைக்குக் கேட்கும்படி கத்தினேன். உங்கள் ஊர் மதுக்கடை வாசலில் கட்டிங் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித் தந்தவரே நீங்கள்தான். போனைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள்.

"இது அதோட பிள்ளை இல்லடா, அதேதான். அம்மா செடியேதான். குளோன்" என்று விளக்கினீர்கள். அந்த வருடம்தான் ஸ்காட்லாந்தில் ஒரு ஆட்டையே நகலெடுத்திருந்தார்கள், டிவியில் எப்போது பார்த்தாலும் அந்த ஆடுதான்.

"வீட்ல ஏற்கெனவே கார் லோன் இருக்கு. இப்ப குளோன் வேறயா" என்றேன்.

ஆண்ட்டி இரண்டு குச்சி கொடுத்தாள். முதல் குச்சியை நாம்தான் கொன்றோம், மூன்று பேருமாகச் சேர்ந்து. அவ்வளவு சின்னக் குச்சிக்கு அண்டா மாதிரி ஒரு தொட்டி. அதைக் குளிரடிக்கும் ஜன்னலோரம் வைத்தோம். அம்மா ஊர்ப் பழக்கத்தில் அரிசி கழுவின தண்ணீரை ஊற்ற, மண் புளித்துக் கொசு மாதிரிப் பூச்சி பறந்தது. நீங்களோ காலையும் மாலையும் குழாய்த் தண்ணீர். போதும் என்றால் கேட்க மாட்டீர்கள்.

"எனக்குத்தான் ரேஷன். இதாவது நெறையக் குடிக்கட்டும்."

குச்சி அடியில் பழுப்பாகி, தொட்டால் வழுக்கி, ஒரு நாள் தானாகவே சாய்ந்தது.

இரண்டாவது குச்சியை நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன். லைப்ரரியில் படித்துவிட்டு வந்து ஒரு டாக்டர் மாதிரி நடந்துகொண்டேன். சின்ன பிளாஸ்டிக் கப், அடியில் ஓட்டை. பீட் மண்ணோடு பாதிக்குப் பாதி பெர்லைட் என்ற, தெர்மாகோல் தூள் போன்ற வெள்ளைக் கல், வேருக்குக் காற்று கிடைக்கட்டுமென்று. மேலே பாதியாக வெட்டிய சோடா பாட்டிலைக் கவிழ்த்தேன், இலை காயாமலிருக்க. ஜன்னலோரத்திலிருந்து எடுத்து, எப்போதும் இளஞ்சூடாக இருக்கும் ஃப்ரிட்ஜ் தலைமேல் ஏற்றினேன், பக்கத்தில் ஒரு டியூப் லைட். தொட்டுப் பார்த்து மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். அரிசித் தண்ணீருக்குத் தடை. கப்பில் ஒரு சீட்டும் ஒட்டினேன்: "உள்ளே ஆள் இருக்கிறது. தட்டிவிட்டு வரவும்."

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் குச்சி அப்படியே நின்றது. சாகவுமில்லை, துளிர்க்கவுமில்லை. இலை வெளிறிக்கொண்டே வந்தது. ஒரு நாள் நீங்கள் அதன் முன்னால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். "செடிக்கு வேர் வரலை, உங்களுக்குத்தான் வேர்க்குது" என்றேன். அம்மா சட்டென்று அடுப்பை அணைத்துவிட்டு உங்களைப் பார்க்க வந்தாள். டிசம்பரில் மனிதனுக்கு வேர்க்கக் கூடாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கப்புறம் அந்தச் சொல்லை வைத்து நான் விளையாடவில்லை.

சனி ஞாயிறு என்றால் ஆட்கள் வருவார்கள், ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக. உங்களோடு முன்பு ஒரே காரில் வேலைக்குப் போய்வந்த செல்வராஜ் அங்கிள் எந்த வாரமும் தவறவிட்டதில்லை. செருப்பைக் கழற்றும்போதே குனிந்து உங்கள் கணுக்காலைப் பார்ப்பார்.

"வீக்கம் வடிஞ்சிருக்கா? லெஃப்ட் கொஞ்சம் அதிகமா தெரியுதே. பம்பிங் எவ்வளவு பர்சென்ட்னு சொன்னாங்க?"

"அதை விடுங்க, இதைப் பாருங்க" என்பீர்கள்.

ஃப்ரிட்ஜ் மேலிருந்து கப் இறங்கி வரும். டீப்பாயில் பேப்பரை விரித்து, சோடா பாட்டிலை நீக்கி, குச்சியை மெல்லப் பிடுங்கி, மண்ணை உதறிக் கிடத்துவீர்கள். "இன்னும் வேர் விடலை பாருங்க." உடனே எல்லாரும் அதன்மேல் குனிவார்கள். ஒருவர் தேன் தடவச் சொல்வார், ஒருவர் பட்டைத்தூள் என்பார். செல்வராஜ் அங்கிளோ இது வேண்டாம், ரோஜா வையுங்கள் என்பார். அரை மணி நேரம் ஓடிவிடும். பிறகு மறுபடி நட்டு, நன்றாக அழுத்தி, ஒரு டம்ளர் தண்ணீர்.

ஒரு ஞாயிறு எல்லாரும் போன பிறகு அந்தப் பேப்பரை மடிக்கப் போனேன். மண்ணோடு மண்ணாக வெள்ளையாய் ஏதோ ஒட்டியிருந்தது, நூலை நகத்தால் கிள்ளிப் போட்ட மாதிரி.

"அப்பா, இது வேர்."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தீர்கள். "சேமியாவா இருக்கும்."

"நம்ம வீட்ல சேமியா பண்ணியே ரொம்ப நாளாச்சு."

இன்னொரு துண்டை விரல் நுனியில் எடுத்துப் பார்த்தீர்கள்.

"இது விட்டுட்டேதான் இருக்கு" என்றேன். "நீங்க வாராவாரம் பிச்சுக்கிட்டே இருக்கீங்க. இனிமே யார் வந்தாலும் எடுத்துக் காட்டாதீங்க."

மடியிலிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் கோபம்தான். இவ்வளவு படித்த மனிதர், லேபில் ஒரு குழாயைக் காரணமில்லாமல் அசைத்தாலே சத்தம் போடுகிறவர், இது தெரியாமலா போயிற்று என்று.

"காட்டலைன்னா அவங்க என்னையில்ல பார்ப்பாங்க" என்றீர்கள்.

மெதுவாக, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது மாதிரி. எனக்குக் கோபம் போய்விட்டது. எடை மெஷின், மாத்திரை டப்பா, கணுக்கால், அம்மா ராத்திரியில் உங்கள் மூச்சுக்குக் காது கொடுப்பது, பள்ளிவிட்டு வந்ததும் பையைக்கூடப் போடாமல் நான் கேட்கும் "எப்படி இருக்கீங்க". எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன. அந்த வீட்டில் பார்க்கப்படாமல் உட்கார உங்களுக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. அம்மாவின் செடியைத் திருப்பித் தர வேண்டுமென்றுதான் அதை வளர்க்க ஆரம்பித்தீர்கள். நடுவில் அதன் பின்னாலேயே ஒளிந்துகொள்ளவும் வேண்டியிருந்திருக்கிறது.

"சரி. அவங்களை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை செல்வராஜ் அங்கிள் வருவதற்கு முன் எடை மெஷினின் அடியிலிருக்கும் திருகை, எடையைக் கூட்டிக் காட்டும்படி நன்றாகத் திருப்பி வைத்தேன். அவர் வந்தார், குனிந்தார். கணுக்காலுக்குப் போவதற்குள் மெஷினை அவர் காலடியில் வைத்தேன்.

"அங்கிள், இது சரியா காட்டுதான்னு சந்தேகமா இருக்கு. உங்க வெயிட் உங்களுக்குத் தெரியுமில்ல, கொஞ்சம் ஏறுங்களேன்."

ஏறினார். இறங்கினார். பெல்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். ஸ்வெட்டரைக் கழற்றினார்.

"மெஷின் தப்புடா."

"அப்பாவுக்குச் சரியாத்தான் காட்டுது அங்கிள்."

மிச்ச நேரம் முழுக்க அவருடைய தொப்பை, அவருடைய நடைப்பயிற்சி, அவர் வீட்டு நெய்தான் பேச்சு. நீங்களும் அவருக்கு யோசனை சொன்னீர்கள். கணுக்காலுக்குமேல் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு வீட்டுக்காரராகச் சாய்ந்து உட்கார்ந்து, "சாயங்காலம் சப்பாத்தியா மாத்திப் பாருங்க செல்வராஜ்" என்றீர்கள். அவர் போன பிறகு திருகை நீங்களே பழையபடி சரிசெய்தீர்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் ஒன்று. மேகலா ஆண்ட்டி வந்தபோது குச்சி நுனியில் பாப்கார்னை நூலால் கட்டி, பூத்துவிட்டது என்று கூப்பிட்டேன். ஆண்ட்டி தூரத்திலிருந்து கைகூப்பியேவிட்டாள். உப்புப் போட்ட பாப்கார்ன் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "நோயாளி இருக்கற வீட்ல இவனுக்குக் கூத்துக் கேக்குது."

"கூத்தடிக்கட்டும் விடு" என்றீர்கள்.

வேரை யாரும் தொடவில்லை. நீங்களும் தொடவில்லை, நானும் எப்படி இருக்கீங்க என்று கேட்பதை நிறுத்திக்கொண்டேன். பள்ளிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் பார்க்கும் எதையோ நானும் பார்ப்பேன். அவ்வளவுதான்.

பிப்ரவரியில் குச்சியின் கணுவில் பச்சையாக ஒரு முனை தெரிந்தது. அப்புறம் எதிரெதிராக இரண்டு இலை. கப்பின் அடி ஓட்டையில் ஒரு வெள்ளை வேர் தானாகவே எட்டிப் பார்த்தது. நீங்கள் அதை அம்மாவிடம் எடுத்துப் போனீர்கள். பின்னாலேயே நானும் போனேன்.

"உன்னோடதுதான்" என்றீர்கள். "அதே செடி."

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இலையைத் தொடவில்லை.

"அன்னிக்கு ஒண்ணைத்தாங்க உள்ள கொண்டுவர முடிஞ்சுது" என்றாள். "நீங்க வந்தது போதும்னுதான் நான் இருந்தேன். நீங்கதான் அதையே நெனச்சுக்கிட்டு."

நீங்கள் அவள் தோளில் கை வைத்தீர்கள். சொல்வதற்கு என்னிடம் ஒரு ஜோக் இருந்தது. சொல்லவில்லை.

ஏப்ரலில் நீங்கள் போய்விட்டீர்கள். ஒரு மத்தியானம், சாய்வு நாற்காலியில், யாரும் பார்க்காத நேரத்தில். அம்மா இன்றுவரை அதற்காகத் தன்னை நொந்துகொள்கிறாள், பக்கத்து அறையில் இருந்தேனே என்று. எனக்கு மட்டும், நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுத்த நேரமாக அது தோன்றுகிறது. இதை அவளிடம் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கோடையில் செடி பூத்தது. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, அம்மா உங்களிடம் சொல்லியிருப்பாள்.

ஆட்கள் இன்னும் வருகிறார்கள். நல்லவர்கள்தான், சாப்பாடு கொண்டுவருகிறார்கள். அம்மாவை சோபாவின் நடுவில் உட்காரவைத்துச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். அவள் நெற்றியைப் பார்க்கிறார்கள், கழுத்தைப் பார்க்கிறார்கள், தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா என்கிறார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல, குரல் சின்னதாகிக்கொண்டே போகும்.

அப்போது நான் நடுவில் போய் நின்றுகொண்டு, "அங்கிள், காலேஜில என்ன மேஜர் எடுக்கலாம்?" என்று கேட்பேன்.

நியூ ஜெர்சியில் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக்கூடிய தமிழர் யாரும் இல்லை. செல்வராஜ் அங்கிள் கம்ப்யூட்டர் என்பார். மேகலா ஆண்ட்டி, மெடிசினைத் தவிர வேறு பேச்சே கூடாது என்பாள். நான் மேஜிக் படிக்கலாமென்று இருக்கிறேன் என்பேன். அவ்வளவுதான், மொத்த அறையும் என் பக்கம் திரும்பிவிடும். அப்பா இல்லாத வீடு, பொறுப்பு வர வேண்டாமா, இப்படியே விளையாட்டுப் பிள்ளையாக இருந்தால் எப்படி என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொள்வார்கள். சொல்லட்டும். நான் எதிர்வாதம் செய்வேன், உளறுவேன், இன்னும் கொஞ்சம் திட்டு வாங்கிக்கொள்வேன். அதற்குள் அம்மா காலி டம்ளர்களை எடுப்பதுபோல எழுந்து, சமையலறை வழியாக உள்ளறைக்குப் போவாள். கதவு சாத்தும் சத்தம் மெல்லக் கேட்கும்.

அது கேட்கும்வரை நான் வாயை மூடுவதில்லை, அப்பா.