கொட்டாஞ்சேனை வகுப்புக்கு ஒரு வான்

ஒக்டோபர் 14, திங்கள்

காலையிலேயே மழை. கொட்டாஞ்சேனை வகுப்பறையில் ஜன்னலோரம் முழுக்க ஒழுக்கு. வாளி, சட்டி, ஜெஸிமா டீச்சரின் சாப்பாட்டுப் பெட்டி மூடி எல்லாம் கீழே. சொட்டுச் சத்தம் எங்கள் இருவருக்கு மட்டும். பிள்ளைகளுக்குக் காது கேட்காது. தங்கள் பாட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பின்னேரம் கொழும்பு ஏழில் அறக்கட்டளை வீடு. இறந்துபோன தகப்பன் பெயரில் அவருடைய மக்கள் நடத்துவது. மூத்தவர் சபாநாதன் தலைவர். தங்கை மனோகரி நேரில் வந்து பார்த்து, சரி என்றால்தான் உதவி. நான் கேட்டது ஒரு வருட வாடகை, பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு பழைய வான். வான்தான் முக்கியம். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் ‘நில்’ என்று கத்தினால் இந்தப் பிள்ளைகள் நிற்க மாட்டார்கள். நடந்துகொண்டே இருப்பார்கள். அதைச் சொன்னேன். சபாநாதன் தேநீரைக் கலக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“பிள்ளையள் எல்லாம் கொழும்பு ஆக்களோ, இல்லாட்டி வடக்கிலயிருந்து வந்து லொட்ஜில இருக்கிறவையோ?”

“கனபேர் இங்கத்தை ஆக்கள். ரெண்டு பேர்தான் லொட்ஜ்.”

“அப்பாவின்ர பேரில நடக்கிற விஷயம், மிஸ். பொலிஸ் கரைச்சல் ஒண்டும் வரக் கூடாது.”

வராது என்றேன். எதை நம்பிச் சொன்னேனோ.

மனோகரி வருவது வியாழன், பத்து மணிக்கு. அதற்குள்: ஒழுக்கு, வெள்ளைப் பூச்சு, இரவல் கதிரைகள், நல்ல கோப்பைகள். வரும் வழியில் பாண் வாங்கினேன். நுளம்புச் சுருள் மறந்துபோச்சு.

ஒக்டோபர் 15, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். கடைவாய்ப் பல் வலி, கராம்பு வைத்தேன்.

பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். “அந்த வீட்டுக்காரன் யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு ரூம் குடுக்கிறேல்லையாம்.” “அவரும் யாழ்ப்பாணந்தானே?” “அதனாலதான்.”

வகுப்பில் இன்று சோதனைச் சாவடிப் பாடம். சீருடை கண்டால் நில். கையை வெளியே காட்டு. காதைத் தொட்டு இல்லை என்று காட்டு. எது நடந்தாலும் ஓடாதே. ஜெஸிமா டீச்சர் குடையைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு ஆமிக்காரன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தங்கள் சிரிப்பு எவ்வளவு சத்தம் என்று அவர்களுக்குத் தெரியாது. கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

சுமதி சிரிக்கவில்லை. பதினேழு வயது. கிளிநொச்சியிலிருந்து வந்தவள். தாயும் அவளும் வெள்ளவத்தையில், என் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு லொட்ஜில். அவள் ‘ஆமி பின்னால் நின்றால்?’ என்று கையால் கேட்டாள். ஜெஸிமாவைப் பார்த்தேன். அவர் குடையை மடக்கினார்.

வியாழன் வரும் மனோகரிக்குச் சுமதி வாயால் வணக்கம் சொல்ல வேண்டும். அதற்கு மாதக் கணக்காகப் பாடுபட்டிருக்கிறாள். ‘ண’ மட்டும் சரிவரவில்லை. என் தொண்டையில் விரலை வைத்து, பிறகு தன் தொண்டையில் வைத்து, திரும்பத் திரும்ப.

ஒக்டோபர் 16, புதன்

வெள்ளைப் பூச்சு முடிந்தது. கையெல்லாம் சுண்ணாம்பு.

ஜெஸிமா டீச்சரோடு வாக்குவாதம். இத்தனை வருடத்தில் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

“லொட்ஜ் புள்ளைகள் ரெண்டு பேரையும் நாளைக்கு மட்டும் வர வேணாண்டு சொல்லுவோமா டீச்சர்? ஒரு நாள்தானே.”

“பிறகு வான் வந்தா, அதில ஏத்துறதோ இல்லையோ?”

“வான் வந்த பொறகு பாப்போம். இப்ப வான் ஈக்கிதா?”

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு வருட வாடகை தராவிட்டால் வீட்டுக்காரர் மாத முடிவில் அறையைத் திருப்பிக் கேட்கிறார். மற்றப் பிள்ளைகளும் பிள்ளைகள்தானே. ஆனால் சுமதியிடம் அதை எந்தச் சைகையால் சொல்வது? எல்லோரும் வரட்டும் என்றேன். ஜெஸிமா பேசாமல் கோப்பைகளைத் துடைத்தார். போகும்போது மட்டும், “நீங்க சொன்னாச் சரி” என்றார். சரி என்ற குரலில்லை.

சேலை ஸ்திரி போட்டாயிற்று.

ஒக்டோபர் 17, வியாழன்

இரவாகிவிட்டது. எழுத்து கோணல்.

விடிகிற நேரம் ஒழுங்கை முனையில் ட்ரக் சத்தம். சுற்றிவளைப்பு. என் வீட்டுக்கு வந்தவர்கள் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சேலை கட்டிக்கொண்டிருக்கும்போது சுமதியின் தாய் பரமேஸ் வந்து கதவில் சாய்ந்தாள். தலைமுடி அவிழ்ந்தபடி. செருப்பில்லை.

“டீச்சர், பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்.”

சுமதி லொட்ஜ் படியில் தண்ணீர் வாளியோடு ஏறிக்கொண்டிருந்தாளாம். பின்னாலிருந்து ஆமிக்காரன் ஒருவன் கூப்பிட்டிருக்கிறான். அவள் பாட்டில் ஏறினாள். ஓடிவந்து தோளைப் பிடித்ததும், பயத்தில் அவன் கையைத் தட்டிவிட்டாள். வாளித் தண்ணீர் முழுக்க அவன் மேலும் அவள் மேலும்.

“பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாம் காட்டினனான். கூப்பிடக் கூப்பிட ஏன் நிக்கேல்லை எண்டுதான் கேக்கிறாங்கள். ஊமை மாதிரி நடிக்கிறாளாம்.”

நேரத்தைப் பார்த்தேன். மனோகரியின் நினைவு வந்தது. வெட்கமாயிருக்கிறது, ஆனால் வந்தது. தொலைபேசிக் கடைக்கு ஓடி ஜெஸிமாவின் பக்கத்து வீட்டுக்கு எடுத்தேன்.

“நான் இண்டைக்கு வர ஏலாது. சுமதியைப் பிடிச்சிட்டாங்கள். அந்த அம்மா வந்தா நீங்கள்தான் கதைக்கவேணும்.”

“நானா? அந்தப் பெரிய மனிசரோட எனக்கு எங்க கதைக்க வரும்.” பிறகு அவரே சொன்னார்: “போங்க டீச்சர். புள்ளையப் பாருங்க. இங்க நான் பாத்துக்குறன்.”

பொலிஸ் நிலையம். பலகைத் தளம் போட்ட உள்ளறை. சுமதி வாங்கில் உட்கார்ந்திருந்தாள், உடுப்பு இன்னும் ஈரம். என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் பேசத் தொடங்கினாள். கான்ஸ்டபிள் கையைக் கீழே போடச் சொல்லி அதட்டினான். அவளுக்கு வேறு வாய் இல்லை என்று சிங்களத்தில் சொன்னேன். சார்ஜன்ட் சிரித்தார். “பார்ப்போம்.”

அவளுக்குப் பின்னால் போய்ச் சாவிக்கொத்தைப் போட்டார். அவள் அசையவில்லை. கைதட்டினார். அசையவில்லை. பிறகு இரும்பு அலுமாரியைக் காலால் உதைத்தார். சுமதி துள்ளித் திரும்பினாள்.

“கேட்குதே, மிஸ்.”

பலகை அதிர்வது காலில் தெரியும், அது கேட்பது இல்லை என்றேன். சிங்களச் சொல் தடுமாறியது. வெளியே சீமெந்துத் தரையில் வைத்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன். பார்த்தார்கள். தகரத்தைப் போட்டு அடித்தார்கள். தெருவில் போனவர்களெல்லாம் திரும்பினார்கள், சுமதி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சார்ஜன்ட் அரைமனத்தோடு பொறுப்பதிகாரியிடம் அனுப்பினார்.

பொறுப்பதிகாரி மரியாதையாகத்தான் கதைத்தார். அதுதான் கூடப் பயம். காது கேளாது என்று கொழும்பில் எழுதித் தந்த வைத்தியர் யார்? ஒருவரும் இல்லை என்றேன். உங்கள் வகுப்புக்குப் பொறுப்பு யார்? அறக்கட்டளையின் பெயரைச் சொன்னேன். இப்போது அவர்கள் எங்கள் வகுப்பில்தான் இருக்கிறார்கள் என்றேன். அது பொய்யில்லை. பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரே தொலைபேசியை எடுத்தார்.

எனக்குக் கேட்டது இந்தப் பக்கம் மட்டும். “ஆ… ஆ… ஹரி, சேர்.” சரி என்று சொல்லி வைத்துவிட்டார்.

“சபாநாதன் மஹத்தயா சொல்கிறார், உங்கள் வகுப்புக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லையாம். பின்னேரம் இவளை விசாரணைக்கு வேறு இடம் அனுப்புவோம்.”

எந்த இடம் என்று கேட்டேன். சொல்லவில்லை.

வெளியே வாங்கில் பரமேஸ் என் முகத்தைப் பார்த்து எல்லாம் விளங்கிக்கொண்டாள். அழவில்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தாள். சுமதி கையால் ‘வீடு எப்போது?’ என்றாள். ‘கொஞ்ச நேரத்தில்’ என்றேன். என் கையே எனக்குப் பொய்யாய்த் தெரிந்தது.

மதியம் தாண்டி ஒரு கார். ஜெஸிமா டீச்சர் முதலில் இறங்கினார். பின்னால் ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒரு பெண். மனோகரி. வகுப்புக்கு வந்திருக்கிறார். ஜெஸிமா நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அதற்குள் பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று, தோளைப் பிடிப்பதுபோல், இழுப்பதுபோல் செய்து காட்டி, வாசலைக் காட்டினார்களாம். “அவங்க கோப்பையை வச்சிட்டு எழும்பிட்டாங்க. டீ குடிக்கவும் இல்ல” என்றார் ஜெஸிமா.

பொறுப்பதிகாரி, “உங்கள் வீட்டில் தெரியாது என்றார்களே?” என்றார்.

“அண்ணா வீட்டில் இருந்து சொன்னார். நான் வகுப்பிலிருந்து வருகிறேன்” என்றார் மனோகரி, நல்ல சிங்களத்தில். அவர்கள் கொடுத்த பெரிய புத்தகத்தில் தன் பெயர், விலாசம் எழுதிக் கையொப்பம் வைத்தார். எப்போது கூப்பிட்டாலும் சுமதியைக் கொண்டுவர வேண்டியது அவர் பொறுப்பு. எழுதும்போது பேனை இரண்டு தடவை நின்றது.

காரில் அவர் கை நடுங்கியது. கைப்பையைத் திறக்க முடியவில்லை, ஜெஸிமா திறந்து, முகம் துடைக்கக் கைலேஞ்சியை எடுத்துக் கொடுத்தார். சுமதி முன்னுக்குக் குனிந்து, “வ…ணக்…கம்” என்றாள். ‘ண’ சரியாக வந்தது. மனோகரி திரும்பிப் பார்த்தார். நான் எதுவும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

இறங்கும்போது மட்டும் என்னிடம் சொன்னார்: “அண்ணாவுக்கு இது பிடிக்காது, மிஸ். ஐ மஸ்ட் டெல் யூ.”

ஒக்டோபர் 18, வெள்ளி

பாதிப் பிள்ளைகள் வரவில்லை. பெற்றோருக்குப் பயம். வந்தவர்கள் நேற்றையதைத் தங்களுக்குள் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டினார்கள். நிறுத்தவில்லை.

ஜெஸிமா டீச்சர்: “நான் சொன்ன மாதிரி அவளை வர வேணாண்டு சொல்லியிருந்தாலும் லொட்ஜில வச்சுப் புடிச்சுத்தான் ஈப்பாங்க.” மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். பல் வலி கூடிவிட்டது.

பின்னேரம் சபாநாதனிடமிருந்து ஆள் வந்தது. திங்கள் காலை அறக்கட்டளை வீட்டுக்கு வரட்டாம்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

பரமேஸ் வந்தாள். வவுனியா வழியாக ஊருக்குத் திரும்பிப் போகலாமா என்று யோசிக்கிறாள்.

“இங்க அவளுக்குப் பின்னால ஆர் நிண்டாலும் எனக்குப் பயமாக் கிடக்கு. அங்கயும் அதுதான். எங்க போனா இவள் பயமில்லாமல் நடப்பாள், டீச்சர்?”

தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மாதம் பொறுங்கோ என்றேன். தலையாட்டினாள்.



ஒக்டோபர் 21, திங்கள்

மழை. குடையில் ஒரு கம்பி முறிந்துபோச்சு. நனைந்த சேலையோடு அந்தப் பளிங்குத் தரையில்.

நீள மேசை. சபாநாதன் நடுவில், மனோகரி ஓரத்தில். வேறு இரண்டு உறவினர்.

“நீங்கள் செய்யிறது நல்ல வேலை” என்றார் சபாநாதன். அந்தத் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. “ஆனா எங்கட குடும்பத்துப் பேர் பொலிஸ் புத்தகத்தில ஏறியிருக்கு. அப்பா இருந்திருந்தா இதைத் தாங்கியிருக்கமாட்டார். இந்த வருஷம் நாங்கள் ஒண்டும் செய்யேலாது. இனிமேல் எங்கட பேரை எங்கையும் பாவிக்க வேண்டாம்.”

“அண்ணா, பேரைக் குடுத்தது நான்” என்றார் மனோகரி.

“நீ பேசாதை.”

அழுவேன் என்று நினைத்தேன். வரவில்லை. கோபமும் இல்லை. அவரும் பயந்த மனிதர்தான். பெரிய வீட்டில் இருந்துகொண்டு பயப்படுகிறார். எழும்பினேன். பிறகு, கேட்க நினைத்து வராத ஒன்று வாயில் வந்தது.

“இனி ஒரு பிள்ளையைப் பிடிச்சா நான் ஆருக்குப் போன் எடுக்கிறது? அதை மட்டும் சொல்லுங்கோ. வான் வேண்டாம்.”

சபாநாதன் மேசையில் இருந்த தன் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

மனோகரி எழும்பி நின்று ஒரு தொலைபேசி இலக்கத்தைச் சொன்னார். மெதுவாக, ஒவ்வொரு எண்ணாக. “அது என்ர ரூமில இருக்கிற போன். நான்தான் எடுப்பன்.”

“மனோகரி” என்றார் சபாநாதன்.

அவர் திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

எழுத என்னிடம் ஒன்றுமில்லை. கேட்கவும் தோன்றவில்லை. பஸ்ஸில் கொட்டாஞ்சேனை வரைக்கும் அந்த இலக்கத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்து ஆள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

ஒக்டோபர் 22, செவ்வாய்

வெயில். ஜெஸிமா டீச்சர் ஒரு முடிவோடு வந்தார். மருதானையில் அவருடைய மாமி வீட்டு முன்ஹோல், காலையில் சும்மாதான் கிடக்கிறதாம். “மாமிக்குச் சத்தம் புடிக்காது. நம்ம புள்ளைகளுக்கு அது பிரச்சினையே இல்ல” என்றார். பிறகுதான் அவர்களுடைய சிரிப்பை நினைத்தோம். மாத முடிவில் போகிறோம். வான் இல்லை. ஜெஸிமா கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பிள்ளைகளோடும், நான் வெள்ளவத்தைப் பிள்ளைகளோடும் பஸ்ஸில் போய் மிச்சத் தூரம் நடப்பதாக ஏற்பாடு. நான் எப்போதும் பின்னால் நடப்பேன்.

பரமேஸ் போகவில்லை. இன்றைக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

மட்டைகளை வெட்டி ஒவ்வொருவருக்கும் ஒன்று. மூன்று மொழியிலும்: எனக்குக் காது கேட்காது. கீழே அந்த இலக்கம். சிங்களத்தை நான் எழுதியதைப் பார்த்துச் சுமதிதான் எழுதினாள், என்னைவிட அழகான எழுத்து. எழுதி முடித்து, இலக்கத்தைத் தொட்டு, ‘இது யார்?’ என்றாள்.

கார், கண்ணாடி, நடுங்கும் கை என்று காட்டினேன்.

தலையாட்டிவிட்டு அடுத்த மட்டையை எடுத்தாள். மை காயவில்லை. பிள்ளைகள் தொடப் பார்க்கிறார்கள்.