மூன்று ஃபிரேமில் கடந்த தொட்டி

31 ஆகஸ்ட் 2006
பதினோராம் வகுப்புத் தாள்கள் நாற்பது திருத்தினேன். மேலிருந்து விழும் கல் கணக்கில் பாதிப் பேர் புவியீர்ப்பையே மறந்திருக்கிறார்கள். கழுதைகள்!

2 செப்டம்பர்
கணபதி ஊர்வலம் எங்கள் கட்டடத்திலிருந்து கிளம்பும்போது மேலேயிருந்து பூந்தொட்டி விழுந்தது. வீட்டு வேலைக்கு வரும் மராத்தி அம்மாள் ஷாலன் பாய்க்குத் தோள் எலும்பு முறிவு. நான் வாசலில் நின்று ஹேண்டிகேமில் ஊர்வலத்தை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். ஐயோ, அந்தச் சத்தம்!

3 செப்டம்பர்
எல்லார் பால்கனியிலும் இருக்கிற அதே மண்தொட்டி. ஆனால் ஏழாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் கல்லூரிப் பையன்கள் மூவர்தான் காரணமாம். எங்கள் குடியிருப்புச் சொஸைட்டிக்குச் செக்ரட்டரி என் கணவர். "பாட்டு, கூத்து, பொறுப்பே கிடையாது. அடுத்த ஞாயித்துக்குள்ள காலி பண்ணட்டும்" என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார். எனக்கும் சரியென்றே பட்டது.

4 செப்டம்பர்
வகுப்பில் சொல்ல உதவுமே என்று அந்த வீடியோ டேப்பை ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டினேன். முதல் மாடி ஜன்னலைத் தொட்டி மூன்று ஃபிரேமில் கடக்கிறது. நொடிக்கு இருபத்தைந்து ஃபிரேம், ஜன்னல் 1.2 மீட்டர். வேகம் நொடிக்குப் பத்து மீட்டர். அந்த வேகம் வர ஐந்து மீட்டர் விழுந்தால் போதும். ஏழாம் மாடியிலிருந்து வந்திருந்தால் இரண்டு ஃபிரேம்கூட ஆகாது.

ஐந்து மீட்டர் மேலே — மூன்றாம் மாடி. எங்கள் பால்கனி!

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். கடவுளே, தப்பு என் கணக்கில் இருக்கட்டும். காய்ந்த ரோஜாத் தொட்டி எங்கே என்று நேற்று கேட்டபோது, "குப்பையில போட்டேன்" என்றாரே, என் முகத்தைப் பார்க்காமல்!

6 செப்டம்பர்
யார் வீடு என்று சொல்லாமல், வகுப்புக் கணக்குபோல அந்தத் தாளை அவரிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். காப்பி ஆறிப்போனது.

"காத்தோட தடையைச் சேத்தியா, கிரிஜா?"

அவ்வளவுதான் கேட்டார். ஐந்து மீட்டருக்குக் காற்று என்ன செய்துவிடும்? "ஏங்க, அந்தப் பசங்களைத் தெருவுல நிறுத்தப் பாத்தீங்களே!" என்று கத்திவிட்டேன்.

"ஊர்வலம் பாக்கலாம்னு தொட்டியை நகத்தினேன். நழுவிடுச்சு. பயந்துட்டேன்."

இருபது வருஷமாக நான் பார்த்த மனுஷன்தானா இவர்?

7 செப்டம்பர்
சமைத்து மேஜையில் வைத்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினேன்.

11 செப்டம்பர்
நோட்டீஸ் இருந்த இடத்தில், தொட்டி தன் கையிலிருந்து நழுவியது, பையன்கள் காலி பண்ண வேண்டாம் என்று அவர் கையால் எழுதிய வேறொரு தாள். நேற்று ஷாலன் பாய் வீட்டுக்கும் தனியாகப் போய் வந்தார். "நல்லாத் திட்டினா" என்றார். திட்டட்டும்.

வகுப்பில் அதே கணக்கைப் போட்டேன். விடை மூன்றாம் மாடி என்று வந்ததும், அது யார் வீட்டுத் தொட்டி மேம் என்று கடைசி பெஞ்சு அம்ருதா கேட்டாள். ஒரே சிரிப்பு.

எங்கள் வீட்டுத் தொட்டி என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.