ஆண்கள் வரிசையில் அம்மா

சேலையூர்,
ஞாயிற்றுக்கிழமை, மதியம்.

அன்பு மகள் ஜீவிதாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை பிரிட்டோவும் அந்த ஊர்க் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் எங்கள் ஜெபம். அயர்லாந்துக்குக் கடிதம் போய்ச் சேர இரண்டு வாரம்கூட ஆகலாம் என்று போஸ்ட் ஆபீசில் சொன்னார்கள், ஆகட்டும், வாட்ஸப்பில் என்றால் நான் நாலு வரியில் முடித்துவிடுவேன், இது நாலு வரியில் முடிகிற விஷயம் இல்லை. நம் தெருவில் மறுபடியும் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், பால் வண்டி முனையோடு நின்றுவிடுகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, தினமும் நடப்பதால்தான் என்று அவர் சொல்கிறார், மைசூர்பாகை நான் அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைப்பதால் என்று எனக்குத்தான் தெரியும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் பேப்பருக்குள் ஒரு நோட்டீஸ் வந்தது. காட்டாங்குளத்தூர் பக்கம் இருக்கிற யுனிவர்சிட்டியில் ஒரு நாள் முழுக்க கலை நிகழ்ச்சி, பேச்சு, கண்காட்சி, பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று போட்டிருந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இருபத்தெட்டு வருசம் கண்டக்டரா பஸ்ல அந்தப் பக்கமா போய்க்கினு இருந்தேன் மேரி, உள்ள இன்னாதான் கீதுன்னு ஒரு நாளாவது பார்த்துட்டு வந்துடலாம்" என்றார். நான் வரவில்லை என்றேன். ஆபரேஷனுக்குப் பிறகு நாலு பேர் கூடுகிற இடம் என்றாலே எனக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டது உனக்குத் தெரியும். தைராய்டை எடுக்கும்போது குரல் மாறலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார், குறை சொல்ல முடியாது, ஆனால் இரண்டு வருடமாக வாயைத் திறந்தால் தகர டப்பாவை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம், கேட்கிறவர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் வந்துவிடுகிறது. அந்தப் பரிதாபத்தைப் பார்க்கத்தான் எனக்குத் தெம்பு இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டு சரிதா, அதுதான் உன் கல்யாண ஜாக்கெட்டைத் தைத்தவள், "அக்கா நீங்க பேசவே வாணாம், எல்லாத்தையும் நான் பேசிக்கிறேன், சும்மா கூட வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

போன வாரம் சனிக்கிழமை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி மூன்று பேரும் போனோம். உள்ளே போனால் திருவிழாதான். ஒரு ஹாலில் மனிதனுக்கு ஏன் போரடிக்கிறது என்று ஒரு பேராசிரியர் பேசுகிறார், அதைக் கேட்க வெளியே வரை வரிசை. ஒரு சுவர் முழுக்க வெள்ளைத் தாள் ஒட்டி, வருகிறவர்கள் எல்லோரும் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள் என்று வைத்திருந்தார்கள், சரிதா அதில் தன் டெய்லரிங் கடை நம்பரை எழுதிவிட்டு வந்தாள். இன்னொரு இடத்தில் யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடம் மேடை ஏறி ஒரு யோசனையைச் சொல்லலாம். உன் அப்பா சும்மா இருப்பாரா, ஏறிவிட்டார். பஸ்ஸில் உள்ளே இடம் இருந்தாலும் ஜனங்கள் ஏன் படிக்கட்டை விட்டு நகர்வதில்லை என்று பேசினார். "எடம் இல்லாம இல்ல சார், உள்ள போய்ட்டா எறங்க வுடமாட்டாங்களோன்னு பயம், அந்த பயத்துக்கு டிக்கெட் கிழிச்சே நான் ரிட்டயர் ஆயிட்டேன்" என்று முடித்தாரே, அத்தனை கைதட்டல். தத்துவம் சொல்லிக்கொடுக்கிற பேராசிரியை ஒருவர் ஓடி வந்து கை குலுக்கினார். அந்தக் கையை அப்பா இன்னும் தனியாக வைத்துக்கொண்டு திரிகிறார்.

அவரைச் சுற்றிப் பிள்ளைகள் கூடிவிட, நானும் சரிதாவும் அடுத்த கட்டிடத்துக்கு நகர்ந்தோம். அங்கே ஒரு அறையில் மைக்கும் பெரிய திரையும் வைத்து, நீங்கள் பேசினால் உங்கள் குரலைப் படமாகக் காட்டுகிறோம் என்று எழுதியிருந்தது. நான் திரும்பிவிட்டேன், சத்தியமாகத் திரும்பிவிட்டேன். ஆனால் சரிதா அதற்குள் அங்கிருந்த பெண்ணிடம், "எங்க அக்கா சர்ச்சுல பாடுவாங்க, ஆப்ரேசன்ல குரல் போயிடுச்சு, அது எங்க போச்சுன்னு இந்த மிஷின்ல தெரியுமா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அந்தப் பெண்ணுக்குப் பெயர் ஓவியா, அங்கேயே குரலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம், சிங்கப்பெருமாள் கோவிலில் வீடு. அவள் முகத்தில் நான் பயந்த பரிதாபம் வரவில்லை, ஆர்வம்தான் வந்தது. "போச்சுன்னு யாரு ஆன்ட்டி சொன்னது?" என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் முடிவு செய்தேன் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

மேலே எட்டுகிற இடத்திலிருந்து 'ஆ' என்று ஆரம்பித்து மெதுவாகக் கீழே இறங்கி வாருங்கள் என்றாள். மேலே வெறும் காற்றுதான். திரையில் மூடுபனி மாதிரி ஒரு சாம்பல் நிறம், அவ்வளவுதான். நிறுத்தப் போனேன், கையைக் காட்டி நிறுத்தாதீர்கள் என்றாள். இறங்கிக்கொண்டே வந்தேன், நான் ஆயுளில் பாடியிராத பள்ளத்துக்கு இறங்கினேன், அங்கே திடீரென்று திரையில் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக, கெட்டியாக, மஞ்சள் மஞ்சளாக எழுந்து நின்றன ஜீவி. அறையிலிருந்த ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததாக சரிதா சொல்கிறாள், அவள் எப்போதும் கூட்டித்தான் சொல்வாள். ஓவியா, "இதோ கீது பாருங்க உங்க குரல், எங்கயும் போவல, கீழ் வூட்டுக்கு குடி மாறிக்கினு கீது" என்று சிரித்தாள். அதுவரை நல்ல தமிழில் விளக்கிக்கொண்டிருந்தவள் சந்தோஷத்தில் நம்மைப் போலவே பேசிவிட்டாள். தான் டாக்டர் இல்லை, தொண்டையை வருத்தாமல் டாக்டரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள். கேட்டேன், வலி இல்லாத வரை தாராளமாகப் பாடலாம் என்று சொல்லிவிட்டார்.

மூன்று மணிக்குத் திறந்த அரங்கில் எல்லோரும் சேர்ந்து பாடுகிற நிகழ்ச்சி. நடத்தியவர் கார்த்தி என்கிற இசை ஆசிரியர். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் உள்ள ஸ்டேஷன் பெயர்களை வைத்தே ஒரு பாட்டு கட்டியிருந்தார். பெண்கள் மேல் குரலில் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் என்று பாட, ஆண்கள் கீழே ரயில் சக்கரம் மாதிரி வருது வருது வண்டி வருது என்று ஓட்ட வேண்டும். நான் பழக்க தோஷத்தில் பெண்கள் பக்கம், முன் வரிசையில் போய் நின்றேன். முதல் ஊர் பெயரிலேயே குரலுக்குப் பதில் வெறும் காற்றுதான் வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள், அதே பரிதாபம். பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று இரண்டு அடி வைத்தேன். வாசல் வலது பக்கம், ஆண்கள் நின்றது இடது பக்கம். என் கால் எப்படி இடது பக்கம் திரும்பியது என்று எனக்கே தெரியாது. இருநூறு பேர் பார்க்க நடுவில் நடந்து போய் ஆண்கள் வரிசையில் ஏறி நின்றேன். யூனிபார்மோடு நின்ற செக்யூரிட்டிக்காரர், "அம்மா, லேடீஸ் அந்தாண்ட" என்றார். "தெரியும்பா, நான் இந்தாண்டதான்" என்றேன். கார்த்தி அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் எனக்கும் சேர்த்துக் கையைத் தூக்கினார்.

பாடினேன் ஜீவி. குரல் வந்தது. இனிமையான குரல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சுதி பிசகவில்லை, கனமாக இருந்தது, என் நெஞ்சுக்குள் அதிர்வது எனக்கே தெரிந்தது. இரண்டாம் தடவை பாடும்போது செக்யூரிட்டிக்காரர் பக்கத்தில் குனிந்து என் குரலைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தார். கூட்டத்துக்குப் பின்னால் என்னைத் தேடிக்கொண்டு வந்த உன் அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். ரயிலில் வரும்போது, ஊரப்பாக்கம் தாண்டினதும், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு வருசமா வூட்ல ரேடியோகூட போடாம கீறியே, கேட்டா எங்க அழுதுடுவியோன்னு வாய மூடிக்கினு இருந்தேன் மேரி" என்றார். அவ்வளவு சத்தமாகப் பேசுகிற மனிதர் அதை எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். நான்தான் அழுதேன், சரிதாவும் சேர்ந்து அழுதாள், எதிரில் இருந்தவர்கள் துக்க வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

உன்னிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், அதற்காகவும்தான் இந்தக் கடிதம். உன் போன பிறந்தநாளுக்கு நான் பாடி அனுப்பினேனே, அது அன்றைக்குப் பாடியது இல்லை. நாலு வருடத்துக்கு முன்னால் சரிதா போனில் பதிந்து வைத்திருந்ததை வாங்கி அனுப்பினேன். அம்மா குரல் திரும்பிடுச்சு என்று நீ பதில் போட்டாய், மாப்பிள்ளையும் கேட்டுவிட்டு அழுதார் என்று எழுதினாய். அதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை கண்ணு, அந்தக் குரல்தான் உன் அம்மா என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள். இனி நான் பாடி அனுப்பினால் யாரோ ஆம்பளை பாடுகிறார் என்று நினைத்து அணைத்துவிடாதே.

கோவில் பாடகர் குழுவிலிருந்து நான் முழங்கால் வலி என்று சொல்லித்தான் விலகியிருந்தேன். வெள்ளிக்கிழமை பயிற்சிக்குப் போய், குழுவை நடத்துகிற துரையிடம் ஆண்கள் வரிசையில் என்னைச் சேர்த்துக்கொள் என்று கேட்டேன். "அக்கா, பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க, ஃபாதர் வேற கேப்பாரு" என்று இழுத்தான். பார்க்கிறது இருக்கட்டும், முதலில் கேள் என்றேன். கீபோர்டில் ஆண்கள் பாடும் மெட்டை வாசித்தான். முப்பது வருடம் பெண்கள் மெட்டைப் பாடிய வாய், இரண்டு முறை அதற்கே ஓடியது. மூன்றாம் முறை சரியாகப் பிடித்தேன். துரை கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். அப்புறம், "ஆம்பளைங்களுக்கு வெள்ளை சட்டைதானே யூனிபார்ம், நீங்க என்னக்கா பண்ணுவீங்க?" என்றான், அதுதான் அவனுடைய சம்மதம். என் நீலப் புடவையிலேயே வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலைப் பூசையில் மூன்று வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவில் நீலப் புடவையோடு நின்றேன். முதல் பாட்டில் முன் பெஞ்சுக்காரர்கள் யாருடைய குரல் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நற்கருணைப் பாட்டின் இரண்டாவது அடியில் நான் கோட்டை விட்டேன், என்னையறியாமல் பழைய பெண்கள் மெட்டுக்குப் போய்விட்டேன். கூட இருந்த மூன்று பேருக்கும் பாட்டு சரியாகத் தெரியாது, ஆனால் நான் பாடுகிற திடத்தைப் பார்த்துவிட்டு, இந்த அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மூன்று பேரும் என் பின்னாலேயே வந்துவிட்டார்கள். வரிசை முழுக்க ஒரே தப்பை அவ்வளவு தைரியமாகப் பாடினோம். துரை கீபோர்டுக்கு மேலே எட்டி முறைத்தான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன், ஒரு நொடிதான், உடனே எடுத்துவிட்டேன், அடுத்த அடி எங்களுடையது.

நைட் டியூட்டி முடிந்து வந்தால் வெறும் வயிற்றில் படுக்காதே. மாப்பிள்ளையைப் பிரட்டையே தின்ன விடாதே, சாம்பார்ப் பொடி இந்தக் கடிதத்தோடு வருகிற பார்சலில் இருக்கிறது, ஈரக் கை வைக்காமல் எடு. ஆண்டவர் உங்கள் இரண்டு பேரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக, உங்கள் வீட்டில் சமாதானமும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும்.

எப்போதும் உன்னை நினைத்திருக்கும் அம்மா,
அருள்மேரி சவுரிமுத்து