உன் மகன் திருப்பிப் போட்ட கெபாசிட்டர்கள்

அன்புள்ள கூட்டாளிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? பெண் பார்க்க வருவதாகப் பெண் வீட்டாருக்கு நாள் சொல்லியாயிற்று, மகனை இந்த வாரமே அனுப்பிவை என்று எழுதியிருக்கிறாய். பதில் சொல்லுமுன், அவன் இங்கே செய்துவைத்ததைக் கேள்.

தொழில் பழகத்தானே அனுப்பினாய்? என் மகளின் மேசையில் உட்காரவைத்தேன். ஆம்பிளிஃபயர் போர்டு எல்லாம் அவள் பொறுப்பு. கெபாசிட்டரைப் பிளஸ், மைனஸ் பார்த்துத்தான் போடவேண்டும், உருளையாக இருப்பதில் கோடு போட்ட பக்கம் மைனஸ் என்று சொல்லிக்கொடுத்தாள். இவன் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். போன வாரம் டேன்டலம் வகை வந்தது, சின்னச் சின்ன மஞ்சள் கட்டிகள். அதிலும் கோடு உண்டு. ஆனால் அதில் கோடு இருப்பது பிளஸ் பக்கம். அவள் சாப்பிடப் போன நேரத்தில் உன் பிள்ளை ஒரு தட்டு போர்டு முழுக்கத் தலைகீழாக சால்டர் வைத்து, கரண்டும் கொடுத்துவிட்டான். பாதி பட்பட்டென்று வெடித்துப் புகைந்தது. நாற்றம் தாங்காமல் பக்கத்துத் தையல்காரர் கத்திரியோடு ஓடிவந்தார்.

மகள் வந்து பார்த்துவிட்டு, "கோடுன்னாலே மைனஸ்னு யாருங்க சொன்னது?" என்றாள். "நீங்கதாங்க" என்றான். கடையில் அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

வெடிக்காததைத் திருப்பிப் போட்டு விற்றுவிடலாம் என்றேன். வியாபார புத்தி. உன் மகன் முகத்துக்கு நேரே, "வேணாம் மாமா. தலைகீழா கரண்ட் வாங்கினது உள்ள கெட்டிருக்கும். மீட்டர்ல நல்லாத்தான் காட்டும், அப்புறம் வாங்கினவங்க வீட்டுல போய் புகையும்" என்று சொல்லி, அத்தனையையும் குப்பையில் கொட்டினான். அவள் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனாலும் என்னிடம் முடியாது என்று சொல்ல இந்தக் கடையில் இதுவரை ஒரே ஆள்தான் இருந்தாள். இப்போது இரண்டு பேர். எனக்கு அது பிடித்திருக்கிறது.

அதிலிருந்து ஒவ்வொரு போர்டையும் இருவருமாகச் சோதிக்கிறார்கள். ஒருவர் லென்ஸ் பிடிக்க, ஒருவர் கோட்டைப் பார்க்க. ஒரே ஆள் பார்க்கிற வேலை அது. கூலிக்கு இரண்டு முறை யோசிக்கிற நான் வாயைத் திறக்கவில்லை.

ஊருக்கு அனுப்பட்டுமா என்று அவளைக் கேட்டேன். "அவருக்கு இன்னும் வேலை வரலப்பா" என்றாள். அவனைக் கேட்டேன். "இன்னும் நிறையப் பழகணும் மாமா" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

ஆகவே, அவனை அனுப்புவதாக இல்லை. அந்த வீட்டாரிடம் மனம் நோகாமல் சொல்லிவிடு. கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டு. தனியாக வராதே, தங்கச்சியையும் கூட்டிவா. மாடி அறையை வெள்ளையடித்துவிட்டேன்.

பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
பழைய கூட்டாளி