மூன்று முறை பிடித்த சட்டை

மகனுக்கு,

நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் திடமாகத்தான் இருக்கிறாய் என்பது ஞாயிற்றுக்கிழமை போனில் நீ போட்ட சத்தத்திலேயே தெரிந்தது. அன்புள்ள என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை, கோபம் ஆறவில்லை.

பத்து நாள் அறைக்குள்ளேயே கிடந்த உன் தங்கை அன்றைக்குத்தான் வெளியே வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டாள், அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டு, காலேஜுக்குப் போகாமல் நடிக்கிறாள், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள், அடுத்த வாரம் நானே வந்து நாலு அறை விட்டால் சரியாகிவிடும் என்று வாய் கிழியப் பேசினாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனவள்தான். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்ச அண்ணன் எதற்கு, அதற்கு ஊரில் ஆளா இல்லை? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், உனக்கு வந்தும் மறந்துவிட்டது. பன்னிரண்டாவதில் தவறி இரண்டு மாதம் நீ போர்வைக்குள் கிடந்தபோது உன்னை யார் நடிப்பு என்றது? தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து உன் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டவள் அவள்தான், அப்போது அவளுக்கு எட்டு வயது.

நான் மட்டும் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. மூன்று மாதத்தில் மூன்று முறை சட்டை தொளதொளவென்று இருக்கிறது என்று கொண்டுவந்து தந்தாள். நானும் டேப்பைப் போட்டு அளந்து, ஒவ்வொரு தடவையும் பக்கத்துக்கு ஒரு விரல் பிடித்துத் தைத்தேன், இளைத்து லட்சணமாகிவிட்டாய் என்று கிண்டல் வேறு செய்தேன். நாற்பது வருஷமாக ஊரார் உடம்பை அளக்கிறவனுக்கு, ஏன் கண்ணு சாப்பிடவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. தையல் அவ்வளவு சுத்தம், அம்மாவுக்குக்கூட வித்தியாசம் தெரியவில்லை. என்னை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

காலேஜில் என்ன நடந்தது என்று இன்னும் சொல்லவில்லை. நாங்களும் குடையவில்லை. கடையை மத்தியானமே சாத்திவிட்டு அவள் அறை வாசலில் உட்கார்ந்து காஜா எடுக்கிறேன், பொத்தான் தைக்கிறேன். நேற்று கதவை ஒருக்களித்துத் திறந்து, அண்ணன் நிஜமாவே வர்றானா என்று கேட்டாள். டிக்கெட் எடுத்துவிட்டான் போலிருக்கிறது என்றேன். அப்படின்னா நான் எங்கப்பா போறது என்றாள். சொந்த வீட்டில் நின்றுகொண்டு கேட்கிறாள்.

மருமகளுக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசி. உனக்கும்தான், பெற்ற வயிறு கேட்காது என்று அம்மா சொல்லச் சொன்னாள். வேளைக்குச் சாப்பிடு. டிக்கெட்டை முதலில் ரத்து செய். அறை விடுவதற்கு இந்த வீட்டுக்குள் நீ கால் வைக்கக் கூடாது. அவள் பக்கத்தில் வாயைத் திறக்காமல் ஒரு மணி நேரம் உட்கார முடியும் என்று என்றைக்குத் தோன்றுகிறதோ, அன்றைக்கு வா, நானே வந்து கதவைத் திறக்கிறேன்.

இப்படிக்கு,
உனக்கும் அவளுக்கும் அப்பா