நாலு கேள்விக்குறி

அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் வாலு வணக்கத்துடன் எழுதுவது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஒரு கூத்து. பயப்படாதீர்கள், என் லேப்டாப்புக்குத்தான் உடம்பு சரியில்லை. கட்டட வரைபடம் போடும் மென்பொருளை ஏற்றினால் பாதியில் பிழை காட்டி நின்றுவிடும். ஆறு தடவை மல்லுக்கட்டிவிட்டு, எங்கள் ஆபீஸ் சிஸ்டம் அக்காவிடம் கொண்டுபோனேன்.

அவர் வேலை செய்வதை நாளெல்லாம் பார்க்கலாம் அப்பா! நாங்களெல்லாம் படிக்காமலே மூடிவிடும் பிழைச் செய்தியை அவர் எழுத்தெண்ணிப் படித்தார். கெட்டுப்போயிருந்த சிஸ்டம் ஃபைல்களைச் சரிசெய்தார். அப்போதும் ஏறவில்லை. முகம் சுளிக்காமல் மறுபடி முதலிலிருந்து படித்து, '????' என்றிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க யார் பேரு இருக்கணும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லேப்டாப் வாங்கிய அன்று, பயனர் பெயராக நம் எழுத்தில் 'வாலு' என்று போட்டிருந்தேன். அதைப் படிக்கத் தெரியாமல்தான் மென்பொருள் திருதிருவென்று முழித்திருக்கிறது! வாலை ஒட்ட நறுக்கிவிடுவார் என்று நினைத்தேன்.

"பேரை எதுக்கும்மா எடுக்கணும்? அது பாட்டுக்கு இருக்கட்டும். வேலைக்கு இங்கிலீஷ்ல தனி அக்கவுண்ட் போட்டுடலாம்" என்றார். ஐந்தே நிமிடத்தில் ஏறிவிட்டது.

சாப்பாட்டு நேரம் முடிந்தது, ஓடுகிறேன். கண் டாக்டர் எழுதிய சீட்டு பீரோவில் இருக்கும், அனுப்பிவையுங்கள். இன்னொன்று: வேலையில் சேர்ந்ததிலிருந்து போனில் என்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள். அதைச் சொல்ல இங்கே ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள் அப்பா.

இப்படிக்கு,
உங்கள் ????